ஈசல் பிடிக்கப் போறவங்களுக்கு

கோடை மழை நல்லா இறங்கி, மறுநாள் காத்தில்லாம புழுங்கினா, பென்னாகரம் பக்கம் எங்க கொல்லையில நான் முதல்ல போய்ப் பார்க்கிறது புற்றைத்தான். ஈசல்ங்கிறது றெக்கை முளைச்ச கரையான்தான். அது கிளம்புறதுக்கு முன்னாடி வேலைக்காரக் கரையான்கள் புற்றோட அடியில வாசல் திறக்கும். விரல் நுழையாத கீறல்கள்தான். ஓரமெல்லாம் ஈர மண் புதுசாப் பூசியிருக்கும். குனிஞ்சு பார்த்தா பழுப்புத் தலைச் சிப்பாய்கள் வாசலை மறிச்சு நிக்கும். அதுங்க தாடை சண்டைக்குன்னே அமைஞ்சது. தானா இரை தின்ன வராது, வேலைக்காரக் கரையான் ஊட்டினாத்தான் உண்டு. இந்தக் காவலைப் பார்த்துட்டா அன்னிக்கே ஏற்பாடு பண்ணுங்க. சில புற்று பொழுது சாயும்போது விடும், சிலது விடியக் கருக்கல்ல விடும்.

எல்லாப் புற்றும் ஆகாது. மஞ்சள் குங்குமம் வச்ச புற்றைத் தொடக் கூடாது. பெரிய பொந்து விழுந்த பழைய புற்றுல பாம்பு இருக்கலாம், ஒதுங்கிடுங்க. பக்கத்துல மாந்தோப்புல குளோர்பைரிபாஸ்ங்கிற பூச்சி மருந்து ஊத்தியிருந்தா அந்தப் புற்று ஈசல் வாயில வைக்கவே கூடாது. தோப்புக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நான் மண்வெட்டி எடுப்பேன்.

புற்றுல இருந்து ஒரு கை தள்ளி, தாழ்வான பக்கமாக் குழி தோண்டி, அகல வாய்க் குண்டானை மண் மட்டத்துக்கு இறக்குங்க. அடியில நாலு விரக்கடை தண்ணி. குண்டானுக்கு நேர் மேல விளக்கைக் கட்டுங்க. புற்றையும் குண்டானையும் சேர்த்து வளைச்சுக் குச்சி நட்டு, பழைய போர்வையைக் கூடாரமாப் போர்த்துங்க. வேற எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியக் கூடாது, இதுலதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. வேலைக்காரனுக்கும் சிப்பாய்க்கும் கண்ணே கிடையாது. பறக்கப் போற ஈசலுக்குத்தான் கண் உண்டு. அதனால விளக்கைத் தேடி வர்றது ஈசல் மட்டும்தான். றெக்கை விளக்குல மோதிக் கொத்துக் கொத்தாத் தண்ணியில விழும்.

குண்டான் பாதி நிறைஞ்சதும் விளக்கை அணைச்சுப் போர்வையை எடுத்திடுங்க. இதை நான் கண்டிப்பாச் சொல்றேன். ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வுன்னு சொல்றோம், முக்கால்வாசி அப்படித்தான். காக்கா, பல்லி, தவளை, எறும்பு எல்லாத்துக்கும் அன்னிக்கு விருந்து. ஆனா தப்பிச்ச ஜோடி தரையிறங்கி, றெக்கையை அடியோட உதிர்த்துட்டு, பெண் முன்னாடி ஓட ஆண் அது வாலை ஒட்டியே பின்னாடி ஓடும். ஈர மண் கிடைச்ச இடத்துல ரெண்டும் இறங்கி அறை கட்டிக்கும். தேனீயில ஆண் கூடினதும் செத்துப் போகும். இங்க அந்த ஆண்தான் ராஜா, பெண்தான் ராணி. ராஜா ராணி பக்கத்துலயே அதே அறையில வருஷக்கணக்கா வாழும். முதல் குஞ்சுகள் வேலைக்கு வர்ற வரைக்கும் ரெண்டுக்கும் வெளி இரை கிடையாது, உடம்புல இருக்கிற கொழுப்புதான் சோறு. நாம வறுக்கும்போது மணக்கிறதும் அந்தக் கொழுப்புதான்.

சீக்கிரம் கிடைக்கும்னு கடப்பாரையால புற்றை உடைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். உள்ள காளான் தோட்டம் இருக்கு. காஞ்ச தழையையும் குச்சியையும் தின்னு, அந்தக் கழிவைத் தேன்கூடு மாதிரி அடுக்கி, அதுல பூஞ்சை வளர்த்துத்தான் இந்தக் கரையான் பிழைக்குது. மழைக்காலத்துல நாம பறிக்கிற புற்றுக்காளானும் அதே பூஞ்சைதான். உடைச்சா ரெண்டும் போச்சு.

விடிஞ்சதும் தண்ணியை வடிச்சு, பாய்ல பரப்பி வெயில்ல உலர்த்துங்க. காஞ்சதும் கையால லேசாத் தேய்ச்சா றெக்கை கழண்டுடும், முறத்துல புடைச்சாப் பறந்துடும். எறும்பு, மண் கட்டி இருந்தாப் பொறுக்கிடுங்க. மண் சட்டியில எண்ணெய் விடாம, சிறு தீயில, கைவிடாமக் கிளறுங்க. கொஞ்ச நேரத்துல தானே எண்ணெய் கசிஞ்சு மினுமினுக்கும். மொறுமொறுப்பானதும் உப்பு, மிளகாய்த்தூள் தூவி இறக்கி, பொரியும் வறுத்த நிலக்கடலையும் கலந்துக்குங்க. கொழுப்பு நிறைய இருக்கிறதால சிக்கு வாடை சீக்கிரம் வரும், ரெண்டு மூணு நாளுக்குள்ள தின்னு முடிங்க. இறால், நண்டு சாப்பிட்டா உடம்பு தடிக்கிறவங்களுக்கு ஈசலும் ஒத்துக்காமப் போகலாம். அவங்க ஒரு வாய் கூட வேண்டாம்.