லிட்டில் மோர்ட்டன் ஹால்: சாய்ந்த வீட்டைத் தப்பாகப் படிக்காதீர்கள்

இங்கிலாந்தின் செஷயர் கிராமப்புறத்தில், காங்கிள்டன் அருகே இருக்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். ஓக் மரச்சட்டங்களால் எழுப்பிய, அகழி சூழ்ந்த மாளிகை. 1938 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் உள்ளது.

படத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது கறுப்பு வெள்ளைக் கோலம். அதுதான் அசல் நிறம் என்று நம்பிவிடாதீர்கள். மரத்துக்குக் கறுப்பு அடித்தது 19ஆம் நூற்றாண்டு வழக்கம். அதற்கு முன் ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பலாக மாறும். இடையிலுள்ள பூச்சுக்குக் காவி மஞ்சள்.

வீடு கோணலாக நிற்பதைப் பார்த்து, கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சிரிப்பதும் தவறு. இது ஒரே மூச்சில் கட்டிய வீடு அல்ல. 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாக நூறு ஆண்டுபோல ஒட்டிக்கொண்டே போனார்கள். முற்றத்து ஜன்னல்களில் ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் தன் பெயரையும் 1559 என்ற ஆண்டையும் பொறித்திருக்கிறார். தெற்குப் பகுதியின் உச்சியிலுள்ள 68 அடி நீளக் கூடம், திட்டத்தில் பிற்பாடு நுழைந்ததாகத்தான் தெரிகிறது. அதன் கூரையோ கனமான மணற்கல் பலகைகள். அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்கள் வளைந்துபோயின. பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஃகுக் கம்பிகள் கொடுத்து இறுக்க வேண்டி வந்தது.

அகழியும் போருக்காக அல்ல, பெரும்பாலும் அந்தஸ்துக்காகத்தான்.

சரி, இப்படிப்பட்ட மரச்சட்ட வீட்டைப் பழுது பார்க்கும்போது செய்யும் பெரிய தவறு எது? சிமென்ட். பழைய சுவர் என்பது குச்சிப் பின்னலில் களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. அது ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். மரம் அசைந்தால் தானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமென்ட் இறுக்கமானது. விளிம்பில் முடியளவு விரிசல் விழுந்தாலும் மழைநீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, பின்னால் ஓக் சட்டம் மக்கிக்கொண்டிருக்கும். நீர்புகாப் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

அப்புறம் சட்ட விதிகள். இங்கிலாந்தில் பழைமைச் சிறப்புக்காக அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த வீட்டுக்கு முகப்பு மட்டும்தான் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். உட்புறமும் சேர்த்திதான். அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது குற்ற வழக்கில் முடியும். முந்தைய உரிமையாளர் செய்த வேலையைச் சரிசெய்யும்படி, வீட்டைப் புதிதாக வாங்கியவருக்கே உள்ளாட்சி மன்றம் உத்தரவிடலாம். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. வாங்குமுன் பழைய அனுமதிக் காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள்.