வார இறுதியில் பங்க் கச்சேரி: வட சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு சரியில்லாததால் ஒரு பங்க் (வேகமும் இரைச்சலுமான எளிய ராக் இசை) கச்சேரி கெட்டுப்போனது என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கிட்டாரில் மூன்று கார்ட்ஸ் பிடிக்கத் தெரிந்த நான்கு பேர், சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மனதார வாசித்தால், கேட்க வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கெடுப்பவை கடிகாரம், கரண்ட், கணக்கு நோட்டு ஆகிய மூன்றும்தான். அதிலும் வெள்ளி இரவு பெரம்பூரில் ஒன்று, சனி மாலை ராயபுரத்தில் ஒன்று, ஞாயிறு திருவொற்றியூரில் ஒன்று என்று அடுக்கிக்கொண்டால், வெள்ளிக்கிழமை செய்த சின்னப் பிழை வட்டியோடு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும். ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டும், மற்ற பேண்டுகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டும் இருப்பவன் என்ற முறையில், பெரும்பாலும் நாங்களே செய்து பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு தேதி குறிப்பதிலேயே நடந்துவிடுகிறது. கைப்பேசியில் சனி, ஞாயிறு எது என்று மட்டும் பார்ப்பவர்கள் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் கச்சேரிக்கு வாடகைக்குக் கிடைப்பவை சிறிய கல்யாண மண்டபங்களும் சங்கக் கட்டடங்களின் மாடிக் கூடங்களும்தான். முகூர்த்த நாளில் அவை கிடைக்காது. மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் மாலையே பெண் வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள். ஆடியில் கல்யாணம் இல்லையே, மண்டபம் சும்மாதானே கிடக்கும் என்று ஒருமுறை நாங்கள் கணக்குப் போட்டோம். மண்டபமும் கிடைத்தது, வாடகையும் குறைந்தது. ஆனால் ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள் என்பதையும், வட்டாரத்தில் உள்ள அத்தனை மைக் செட்டும் அங்கே போய்விடும் என்பதையும் மறந்துபோனோம். கடைசியில் கிடைத்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸில் ஒன்று இருமிக்கொண்டே இருந்தது. விநாயகர் சதுர்த்தியை அடுத்து வரும் ஞாயிறும் இப்படித்தான். காசிமேட்டுக்கும் திருவொற்றியூர் கடற்கரைக்கும் சிலைகள் போகும் வழியில் சாமான் வண்டி அங்குலம் நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வந்து, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், கால் மணி நேரப் பயணம் ஒரு மணி நேரம் ஆகிவிடும். சனி நள்ளிரவுக்குப் பிறகு சாமான் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு விடிவதற்கு முன்பே காசிமேடு பக்கம் மீன் வாங்கும் கூட்டத்தால் நிரம்பிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அது சற்று மெலியும்.

தேதிக்கு அடுத்தது நேரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. பகலில் பயன்படுத்தவும் எழுத்து வடிவில் அனுமதி வேண்டும். மூடிய அரங்குகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் உள்ளே கேட்கும் அளவில் இரவிலும் விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் மண்டபத்துக்குள்தானே வாசிக்கிறோம்" என்று வாதாடும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். தகர ஷீட் கூரையும் ஜாலி வைத்த ஜன்னலும் உள்ள மாடிக் கூடத்தை மூடிய அரங்கு என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது, ரோந்து வரும் காவலரும் இடம் கொடுக்க மாட்டார். குடியிருப்புப் பகுதிக்கு விதிக்கப்பட்ட வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல்தான் கூடலாம். டிரம் செட் என்ற ஒன்றைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களை எட்டுவது எவ்வளவு கடினம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடங்களில் பகல் வரம்பே 50 டெசிபல்தான். ஆகவே ஸ்டான்லி மருத்துவமனையை ஒட்டி மலிவாக ஓர் இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பத்து மணிதான் சுவர் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நான்கு பேண்டு, ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம், நடுவில் சாமான் மாற்ற மூன்று முறை 15 நிமிடம் என்றால் மொத்தம் 145 நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் 9.25-க்கு முடிந்துவிடும். ஏழே முக்காலுக்குத் தொடங்கினால் 10.10 ஆகிவிடும், கடைசி பேண்டு பாதிப் பாட்டில் நிற்கும். "இன்னும் கூட்டம் வரட்டும்" என்று காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. நேரத்துக்குத் தொடங்குகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் நேரத்துக்கு வருவார்கள்; இரண்டு முறை காலிக் கூடத்துக்கு வாசிக்கத் துணிந்தால் மூன்றாம் முறை இந்தப் பிரச்சினை இருக்காது. இதைவிட நல்ல வழி, பிற்பகலிலேயே வைப்பது. நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கில் 1980-களில் ஹார்ட்கோர் என்ற இன்னும் வேகமான பங்க் வகையை வாசித்த பேண்டுகள் ஞாயிறு பிற்பகலில்தான் வாசித்தன. பள்ளி செல்லும் வயதினரும் வர முடிந்தது அதனால்தான். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-இல் வந்துவிட்ட பிறகு நமக்கும் இது எளிது. மூன்றரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்தால், தனியாக வரும் பெண்கள் வீட்டில் பொய் சொல்ல வேண்டியதில்லை, திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் தூக்கம் மிஞ்சும்.

அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. எங்கள் வழக்கமான மண்டபத்தின் பக்கத்துச் சுவர் ஓர் ஆயா வீட்டுச் சுவர். முதல் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு போய், "ஆயா, சனிக்கிழமை கொஞ்சம் சத்தமா இருக்கும், ஒன்பதரைக்கு முடிச்சிடுவோம்" என்றேன். முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன்பதரைன்னா ஒன்பதரை. ஒரு நிமிஷம் ஆச்சுன்னா நானே மேல வந்து ஒயரைப் புடுங்கிடுவேன்பா" என்றார். அவர் சொன்னது எங்களுக்கு எந்த அதிகாரியின் கையெழுத்தையும்விட உதவியது, ஏனென்றால் அதற்குப் பிறகு எந்த பேண்டாவது கூடுதலாக ஒரு பாட்டு கேட்டால் ஆயாவைக் காட்டி மறுத்துவிடுகிறேன்.

இனி மேடை. சவுண்ட் செக்கை வாசிக்கும் வரிசையிலேயே செய்வது பலருக்கும் பழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டும். கடைசியில் வாசிக்கும் பேண்டு முதலில் சரிபார்த்துக்கொண்டு இறங்க, முதலில் வாசிக்கும் பேண்டு கடைசியாக ஏறினால், அவர்களுடைய அமைப்பு அப்படியே மேடையில் இருக்கும், கதவைத் திறந்ததும் தொடங்கிவிடலாம். எல்லோரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவதும் வீண். ஒரு டிரம் செட், ஒரு பேஸ் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி), இரண்டு கிட்டார் ஆம்ப் போதும்; டிரம்மர்கள் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் தம்முடையதைக் கொண்டுவருவதுதான் முறை. எது யார் பொறுப்பு என்பதை எழுதி அனுப்பாமல் வாய்வார்த்தையாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலில் மேலே இருப்பதைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் கிளட்ச் என்ற கட்டைவிரல் அளவு சாமானை அவர்கள் கொண்டுவருவார்கள் என்று நாங்களும், நாங்கள் கொண்டுவருவோம் என்று அவர்களும் இருந்துவிட்டோம். எதிர்ச்சாரி பஞ்சர் கடையில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வாங்கி, கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டி அன்றைக்கு ஒப்பேற்றினோம். நான்காவது பாட்டில் அது நழுவி சிம்பல் சரிந்தது. மொசைக் தரையில் கிக் டிரம் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஊர்ந்து போகும் என்பதால் பழைய ஜமக்காளம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் உயிருக்கே உலை வைக்கும். பழைய கட்டடங்களில் எர்த் சரியாக இருக்கும் என்று நம்பவே கூடாது. கிட்டார் ஆம்ப் ஒரு பாயிண்டிலும், எல்லா ஒலியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மிக்சர் கூடத்தின் மறுமூலையில் வேறொரு பாயிண்டிலும் செருகப்பட்டு, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால், கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கும் பாடகர்தான் இரண்டையும் இணைக்கும் ஒயர். எங்கள் பாடகருக்கு உதட்டில் சுரீர் என்று அடித்தபோது நாங்கள் சிரித்தோம். பிறகு டெஸ்டரை மைக் வலையில் வைத்தபோது விளக்கு எரிந்தது, சிரிப்பு நின்றது. எர்த் சோதிக்கப்பட்ட ஒரே 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து மேடைக்கும் மிக்சருக்கும் சேர்த்து இணைப்பு எடுங்கள். முடிந்தால், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய போர்டாக இருக்கட்டும். 'உம்ம்' என்ற இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்றாவது பின்னை உடைப்பதும், அதில் டேப் ஒட்டுவதும் நம் ஊரில் சர்வசாதாரணம். அதைச் செய்கிறவரை மேடைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். இரைச்சலுக்கு, கருவியை மிக்சருடன் இணைக்கும் டிஐ பாக்ஸில், ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. ஸ்பீக்கர் கேபினட்டை இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஓட விடுவதும், கிட்டார் கேபிளையே ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்துவதும் ஆம்பைச் சுட்டுவிடும். இரவல் ஆம்ப் என்றால் நட்பையும் சேர்த்து.

மைக் செட்காரரிடம் என்ன இசை என்பதை முன்கூட்டியே சொல்லாததும் எங்கள் பழைய பிழை. பொதுக்கூட்டத்துக்கும் கோயிலுக்கும் போட்டுப் பழகிய கைகள் அவருடையவை. அவரை மட்டமாகப் பேசும் நகரத்து பேண்டுகள் மீது எனக்குக் கோபம் உண்டு, ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் மேடையில்தான் இருக்கிறது. முந்நூறு சதுர அடிக் கூடத்தில் 100 வாட் ஆம்பை முழுக்கத் திருகிவிட்டு, பாட்டு கேட்கவில்லை என்று அவரைத் திட்டினால், அவர் மைக்கை ஏற்றுவார், மைக் ஊளையிடும். சிறிய இடத்தில் டிரம்ஸின் சத்தத்துக்கு கிட்டாரை அடக்கி, ஸ்பீக்கர் பெட்டியில் பாடகரின் குரலை மட்டும் விட்டால் போதும். காதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூன்று நாளும் மேடையோரம் நிற்கும் ஏற்பாட்டாளர்தான் முதலில் இயர் பிளக் வாங்க வேண்டியவர்.

வாசிக்கும் பக்கத்துத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வார இறுதியில் மூன்று கச்சேரிகளை ஒப்புக்கொள்ளும் பாடகர் வெள்ளியன்றே தொண்டையைக் கிழித்துக்கொண்டால் ஞாயிறன்று காற்றுதான் வரும். கொடுத்த 25 நிமிடத்தில் கிட்டாரைச் சுருதி சேர்க்கவே ஐந்து நிமிடம் போகக் கூடாது. ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் பேண்டு 1974-இல் சிபிஜிபியில் ஏறியபோது அவர்களுடைய மொத்தக் கச்சேரியே இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. குட்டி யானையைப் போவதற்கு மட்டும் பேசிவிட்டு, திரும்புவதற்கு இரவில் தெருவில் நின்று கை காட்டுவதும் கூடாது.

பணத்துக்கு நம்மிடம் நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது: மொய் நோட்டு. வாசலில் மேசை போட்டு, யார் பெயரில் எவ்வளவு என்று எல்லோரும் பார்க்க எழுதுகிறோமே, அதேபோல் நுழைவுக் கட்டணத்தையும் எழுதுங்கள். 80 பேர், ஆளுக்கு 150 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். அதில் மண்டபம், மைக் செட், வண்டி ஆகியவை முதலில். வெளியூர் பேண்டின் பயணச் செலவு அடுத்து. மீதி சம பங்கு. இந்த வரிசையைத் தேதி பேசும்போதே சொல்லிவிடாமல், இரவு பத்து மணிக்கு மாடிப்படியில் நின்று ஒருவர் கையில் மட்டும் பணத்தைத் திணிப்பதால்தான் பேண்டுகள் உடைகின்றன. கூட்டம் வரும் என்ற நம்பிக்கையில் நிச்சயத் தொகை பேசுவதும் வேண்டாம். கியூஆர் அட்டை யாருடைய சொந்தக் கணக்குக்குப் போகிறதோ அவர் அன்றிரவே கணக்குக் காட்ட வேண்டும்.

கடைசியாக, கூட்டம். வட சென்னையில் கச்சேரி என்றவுடன் அடியாட்களை வாசலில் நிறுத்த வேண்டும் என்று நினைப்பது, சினிமா பார்த்து வந்த தவறு. கானாவும் சட்டி மேளமும் கேட்டு வளர்ந்த, பெரம்பூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர்களின் இசைக்கு ஆடிப் பழகிய பகுதி இது. நெருக்கமாக நின்று ஆடத் தெரியும், விழுந்தவரைத் தூக்கிவிடவும் தெரியும். ஆனால் பிட்டில், அதாவது மேடைக்கு முன்னால் முட்டிமோதி ஆடும் இடத்தில், ஒரு பெண் மீது கை வைக்கப்பட்டால் பாட்டை அந்த இடத்திலேயே நிறுத்தி விளக்கைப் போட வேண்டும் என்பதை ஒவ்வொரு பேண்டிடமும் முன்பே சொல்லி வையுங்கள். வாசிக்காத ஒருவர் அதற்கென்றே கூடத்தில் நிற்க வேண்டும். கிட்டார் பெட்டிகளை இரண்டாவது வாசலில் அடுக்கி வழியை அடைத்துவிட வேண்டாம்.

ஞாயிறு இரவு எல்லோரும் பிரியாணிக்குக் கிளம்பிய பிறகு இரண்டு பேர் தங்கி, கேபிள்களை எண்ணி, கூடத்தைப் பெருக்கி, ஜமக்காளத்தை உதறி மடித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த தேதிக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வைகாசி பிறந்துவிட்டால் அந்த மண்டபம் உங்களுக்குக் கிடைக்காது.