பிசினஸ் ஸ்பெல்லிங் குழப்பமா?

ஆங்கிலத்தில் பிசினஸ் என்று எழுதும்போது எஸ் எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று தடுமாறினால், முதலில் பிசி என்று எழுதுங்கள். கடைசி ஒய்யை ஐ ஆக்கி, நெஸ் சேருங்கள். ஹேப்பி, ஹேப்பினஸ் ஆவது போலத்தான்.

பிசினஸ் பிறந்ததே பிசியிலிருந்துதான். பழைய ஆங்கிலத்தில் அது பிசிக். எழுத்திலும் ஐதான் இருந்தது. பிற்பாடு ஒரு வட்டாரத்தின் யு என்ற எழுத்து ஸ்பெல்லிங்கில் நிலைத்தது, இன்னொரு வட்டாரத்தின் இகர ஒலி பேச்சில் தங்கிவிட்டது. அதனால் காதை நம்பி எழுதாதீர்கள்.

வேலை மும்முரத்தைக் குறிக்கும் பிசிநெஸ்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் ஒய் அப்படியே இருக்கும்.