தென்பெருங்கடல் காற்றில் உயிர்வழிச் சல்பேட்டைக் கணக்கிடும் முறை

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடற்காற்றின் நுண்துகள்களில் இருக்கும் சல்பேட், பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. அலை உடையும்போது தெறிக்கும் கடலுப்பு ஒரு வழி. மிதவைத் தாவரங்கள் காரணமாகக் கடலிலிருந்து வெளியேறும் டைமெத்தில் சல்ஃபைடு வாயு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவது மற்றொன்று. மேகத்துளிகளுக்குக் கருவாகும் திறன் கொண்டது என்பதால், உயிர்வழிச் சல்பேட் எனப்படும் இந்த இரண்டாம் பங்கைத் தனியே பிரித்தறிவது முக்கியம்.

மாதிரி எடுக்கும் கருவியைக் கப்பலின் முன்புறத்தில், புகைபோக்கிக்கு எட்டாத உயரத்தில் நிறுவ வேண்டும். கப்பல் எரிபொருளிலும் கந்தகம் உண்டு என்பதால், காற்று முன்பக்கமிருந்து வீசும்போது மட்டும் பம்பு இயங்கும்படி அதைக் காற்றுத்திசைமானியுடன் இணைப்பது இன்றியமையாதது. வியர்வையிலும் சோடியம் இருக்கிறது. ஆகவே துகள்களைப் பிடிக்கும் வடிதாளைப் பொடியற்ற கையுறை அணிந்து, இடுக்கியால் அதன் ஓரத்தை மட்டும் பற்றி எடுக்க வேண்டும். சில வடிதாள்களைக் கருவியில் பொருத்தி, பம்பை இயக்காமலேயே கழற்றி, மற்றவற்றுடன் சேர்த்து உறைநிலையில் பாதுகாக்க வேண்டும். இவ்வளவு தூய்மையான காற்றில் அந்த வெற்றுத்தாள்களின் அளவைக் கழிக்காத முடிவை நம்ப இயலாது.

வடிதாளில் சேர்ந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகையில் கிடைத்த சோடியத்தின் நிறையை, கடல்நீரில் சோடியத்துக்குச் சல்பேட்டின் நிறை விகிதமான 0.252 ஆல் பெருக்கினால் கடலுப்புச் சல்பேட் கிடைக்கும். அதை மொத்தச் சல்பேட்டிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு கனமீட்டரில் சோடியம் 800 நானோகிராம், சல்பேட் 300 நானோகிராம் என்று கொண்டால், கடலுப்பின் பங்கு 201.6, எஞ்சுவது 98.4 நானோகிராம்.

குளிர்காலத்தில் இதே கணக்கு பொய்த்துப்போகும். சோடியம் 400, சல்பேட் 60 எனில் விடை −40.8 என்று வருகிறது. இது ஆய்வகப் பிழையன்று. கடல்பனி ஏறக்குறைய −6.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது மிராபிலைட் என்னும் சோடியம் சல்பேட் உப்பு படிகமாகப் பிரிந்துவிடுகிறது. எஞ்சும் உவர்நீரில் சல்பேட் வெகுவாகக் குறைய, சோடியமோ சிறிதளவே குறைகிறது. அந்த உவர்நீர் ஏறிய பனிப்பூக்களிலிருந்தும் (கடல்பனியின் மேல் பூப்போல் வளரும் பனிப்படிகங்கள்) காற்று அள்ளிச் செல்லும் வெண்பனியிலிருந்தும் பிறக்கும் துகள்களுக்குக் கடல்நீரின் விகிதம் பொருந்தாது. எதிர்மறை எண்களைச் சுழியமாக மாற்றிவிடும் வழக்கம் பெருந்தவறு. அது சராசரியைப் பொய்யாக உயர்த்திவிடும். அண்டார்க்டிகக் கடலோரக் குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 0.07 என்னும் விகிதம் கண்டறியப்பட்டுள்ளது. அதைக் கொண்டால் எஞ்சுவது 32 நானோகிராம்.

அடுத்து மெத்தேன்சல்போனிக் அமிலத்தின் அளவைப் பார்க்க வேண்டும். டைமெத்தில் சல்ஃபைடிலிருந்தே அது தோன்றுவதால், கோடையில் உயிர்வழிச் சல்பேட் உயரும் நாள்களில் அதுவும் உயர்வதே இயல்பு. சல்பேட் மட்டும் தனித்து ஏறியிருந்தால், அந்த நேரத்துக் காற்றுத்திசைப் பதிவை எடுத்துப் புகைபோக்கியின் பக்கம் காற்று திரும்பியதா என்று சரிபார்க்க வேண்டும்.