கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கத்திலிருந்து மீள: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பசியே இல்லாமல், வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு, காலி கவரைக் குப்பைக்கூடையின் அடியில் மறைத்து வைக்கும் பெண்கள் பலர். விடிந்ததும் அவர்கள் எடுக்கும் முடிவு, "நேற்று தின்றதற்கு இன்று பட்டினி." தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். எந்நேரமும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு, வயிறு நிறைந்தாலும் நிறுத்த முடியவில்லை. பட்டினி கிடந்த உடல் அப்படித்தான் கேட்கும். எனவே நேற்றிரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலை உணவை விடாதீர்கள். இதற்கான உளவியல் சிகிச்சையே நேரத்துக்குச் சாப்பிடுவதில்தான் தொடங்குகிறது: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

"வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று தன்னையே ஏசிக்கொள்வது அடுத்த தவறு. அந்த வெட்கமே மறுபடி தனிமைக்கும் சாப்பாட்டுக்கும் தள்ளுகிறது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதைத் தனி நோயாகவே வகைப்படுத்திவிட்டது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் சிகிச்சை தேவைப்படும் நிலை. உடல் பருமனாக இருந்தால்தான் இது வரும் என்பதும் இல்லை. ஒல்லியாக இருப்பவரை யாரும் சந்தேகிப்பதில்லை, அவ்வளவுதான்.

மதுவைப் போல அடியோடு விட்டுவிடலாம் என்று நினைப்பதும் சரிவராது; சாப்பிடாமல் யாரும் வாழ முடியாது. தொடவே கூடாத பண்டங்கள் என்று நீளமாகப் பட்டியல் போட்டால், பலருக்கு ஆசை அதன்மேலேயே போகிறது.

தின்றதை வாந்தியெடுப்பது, பேதி மாத்திரை போடுவது இரண்டும் ஆபத்து. பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்தப் பழக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அங்கே போயும் பலர் "எடை குறைய வழி சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, டயட் சீட்டோடு திரும்புகிறார்கள். "சாப்பிட ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியவில்லை, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும்.