ஒருநாள் மலையேற்றம்: அவசரப் பையில் நாம் செய்யும் தவறுகள்

“காலையில ஏறி சாயங்காலம் இறங்கிடுவோம், இதுக்கு எதுக்கு மூட்டை?” என்று கேட்பவர்கள் பாதி. இணையத்தில் கண்ட பட்டியலை அப்படியே வாங்கிச் சுமப்பவர்கள் மீதி. இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: நடுவழியில் கணுக்கால் பிசகி, இருட்டிய பிறகும் அங்கேயே உட்கார நேர்ந்தால் எது இல்லாமல் தவிப்போம்?

முதலில் தவிக்க வைப்பது வெளிச்சம். செல்போன் டார்ச்சை நம்பிப் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சிக்னல் இல்லாத மலையில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியும் விளக்கும் ஒன்றாகவே அணைந்துபோகும். தலையில் மாட்டும் டார்ச் தனியாக இருக்கட்டும். போன் ஏரோப்பிளேன் மோடில் கிடக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சோலைக்காட்டுக்குள் அதற்கு முன்பே இருள் கவிந்துவிடும்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத் தேனியில் வியர்த்ததை வைத்து உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைக்கு உடை தேர்ந்தெடுக்கக் கூடாது. நனைந்த ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் லேசில் காயாது. காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைக்கோட்டும், பாலிதீன் உறையில் கட்டிய ஒரு மாற்றுச் சட்டையும் போதும். குடை வேண்டாம், கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் லைட்டரும் தீமூட்டும் பொருள்களும் கட்டாயம் இருக்கும். பனிமலைக்கு அது சரி. காய்ந்த புல் நிற்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது ஆபத்தை நாமே தூக்கிப் போவது. மார்ச் 2018-இல் தேனி மாவட்டத்தின் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படித் தீ சூழ்ந்தால் பையில் எது இருந்தும் பெரிய பயனில்லை. அந்தப் பருவத்தில் வனத்துறை பாதையை மூடியிருந்தால் குறுக்குவழி தேடாமல் வீட்டிலிருப்பதே பாதுகாப்பு.

பாம்புக்கடிக்கென்று பிளேடும், விஷம் உறிஞ்சும் கருவியும் வாங்குவது வீண்செலவு மட்டுமல்ல, கெடுதலும்கூட. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே மருந்துப்பையில் முதலிடம் அகலமான கிரேப் பேண்டேஜுக்கு (இழுத்துச் சுற்றும் துணிக்கட்டு). சுளுக்குக்கும் அதுவே உதவும். ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் இரண்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை, கொப்புளத்துக்கு பிளாஸ்டர் இருந்தால் மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

விசிலை யாரும் மதிப்பதில்லை. கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலை நெடுநேரம் ஊதலாம். உதவி கேட்கும் அடையாளமாக மும்மூன்றாக ஊதி, இடைவெளி விட்டு, மறுபடி ஊத வேண்டும். அது பைக்குள் அல்ல, கழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: குழுவாகப் போகும்போது எல்லா அவசரப் பொருளையும் பலசாலி ஒருவர் முதுகில் ஏற்றிவிடுவார்கள். அவர் வேகமாக நடப்பவராகவும் இருப்பார். பின்தங்கியவர் விழும்போது பை ஒரு மேடு தாண்டிப் போயிருக்கும். டார்ச், விசில், தண்ணீர், மழைக்கோட்டு நான்கும் ஆளுக்கொன்று. மருந்துப்பை கடைசியாக வருபவரிடம்.