அன்றாட வேத வாசிப்பைத் தொடங்குவது எப்படி? புதிய சீஷர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும், விளவங்கோட்டுப் பக்கமானாலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமானாலும், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேதாகமம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கையில் எடுத்துச் செல்லப்படும் அந்தப் புத்தகம் மற்ற ஆறு நாட்களும் அலமாரியிலேயே இருந்துவிடுவதும் இங்கே அரிதன்று. அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபை முன் தாமே உறுதிசெய்யும் சடங்கு) முடித்த இளையோர், பல ஆண்டுகள் சபைக்குச் சென்றும் தாமாக வேதம் வாசிக்கும் பழக்கம் அமையாதவர்கள் ஆகியோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

செய்முறைக்குள் செல்லும் முன், எதற்காக வாசிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தம்மை விசுவாசித்தவர்களிடம் இயேசு, "நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் மெய்யாகவே என் சீஷராயிருப்பீர்கள்" என்று சொன்னதை யோவான் 8:31 கூறுகிறது. மத்தேயு நற்செய்தியின் கடைசி வசனங்களிலும், தாம் கட்டளையிட்ட யாவற்றையும் மக்கள் கைக்கொள்ளும்படி உபதேசிக்கவேண்டும் என்றே அவர் தம் சீஷரிடம் ஒப்படைக்கிறார். அறிந்துகொள்வதோடு நின்றுவிடாமல் கைக்கொள்வதே அங்கே குறி. அதே யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் தம்மிடத்தில் வர மனதில்லாதவர்களை இயேசு கடிந்துகொள்வதையும் காண்கிறோம். ஆகவே, தினமும் வேதம் வாசித்தும் இயேசுவிடம் வராமல் இருந்துவிட ஒருவரால் முடியும். இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் படிகளை அமைத்திருக்கிறேன். வாசித்த பகுதிக்கு அன்றைக்கே கீழ்ப்படிவதை நோக்கியே ஒவ்வொரு படியும் செல்கிறது.

முதற்படி: உங்கள் தொழிலுக்கு ஏற்ற நேரம்

"அதிகாலையில் வாசியுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை கூறுவது வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் நம் பகுதியின் உழைப்பாளர் பலருக்கு அது பொருந்தாது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் செல்பவர் விடியுமுன்னரே மரத்தடியில் நிற்க வேண்டியிருக்கிறது. வெட்டி முடித்த பின், பால் வடிந்து சிரட்டை நிறையும் வரை அவருக்குக் காத்திருக்கும் நேரம் கிடைக்கிறது. அந்த நேரமே அவருக்கு ஏற்ற வேத வாசிப்பு நேரம். திருவனந்தபுரத்திற்கு நாள்தோறும் பேருந்திலோ ரயிலிலோ வேலைக்குச் செல்பவர் வீட்டிலேயே முதல் வாசிப்பை முடித்துக்கொண்டு, பயணத்தில் அதே பகுதியை மறுமுறை வாசிக்கலாம். நெரிசலில் நின்றுகொண்டு புதிய பகுதியைத் தொடங்கினால் மனம் ஒன்றுவது கடினம். கொல்லங்கோடு, தூத்தூர்க் கடற்கரைகளிலிருந்து பல நாட்கள் ஆழ்கடலுக்குச் செல்லும் சகோதரர்கள், ஒலி வேதாகமத்தைக் கரையிலேயே கைப்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நலம்.

எந்த நேரமானாலும் அது ஏற்கெனவே உள்ள ஒரு வேலையை அடுத்து வரும்படி அமையட்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டுவைத்தால் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் போதும்.

இரண்டாம் படி: எந்த வேதாகமம்?

உங்கள் சபையில் வாசிக்கப்படும் வேதாகமமே உங்கள் கையில் இருக்கட்டும். சீர்திருத்தச் சபையினரின் வேதாகமத்தில் 66 ஆகமங்களும், கத்தோலிக்கத் திருச்சபையினரின் வேதாகமத்தில் 73 நூல்களும் உள்ளன. நாம் இங்கே தொடங்கப்போகும் நற்செய்தி நூல் இரண்டிலும் இருப்பதால், இந்த முறை இரு சாராருக்கும் பொருந்தும். பழைய மொழிபெயர்ப்பின் நடை புரியவில்லை என்றால், எளிய தமிழில் உள்ள ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வாசிக்கத் தயங்க வேண்டாம்.

கேரளப் பக்கத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர் மலையாளப் பள்ளியில் படிப்பதால், வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அதற்காக அவர்களைக் கூச்சப்படுத்துவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து. மலையாள வேதாகமத்தை அவர்கள் கையில் கொடுங்கள். அதிகாரமும் வசனமும் எண்ணிட்டிருப்பதால், பாட்டி தமிழில் ஒரு வசனமும் பேரன் மலையாளத்தில் அடுத்த வசனமுமாக ஒரே பகுதியை மாறிமாறி வாசிக்கலாம். மொழிக்காக வேதத்தை இழப்பதை விட, இரு மொழியில் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது எவ்வளவோ மேல்.

வாசிக்கத் தெரியாத முதியோரும் இதற்குப் புறம்பானவர்கள் அல்லர். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்திலேயே, வாசிக்கிறவனோடு கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று கூறப்பட்டிருக்கிறது. மிஷனெரி ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்ததிலிருந்து தென் திருவிதாங்கூரில் வேரூன்றிய லண்டன் மிஷன் பணியில், வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி எழுத்தும் கற்றுக்கொடுத்த பெண் ஊழியர்கள் பிற்காலத்தில் இருந்தார்கள். நம் பாட்டிமாரில் பலர் வேதத்தை முதலில் காதால்தான் பெற்றார்கள்.

மூன்றாம் படி: எங்கே தொடங்குவது?

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும் இடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பகுதிகள் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். அவற்றின் பொருள் விளங்க முதலில் இயேசுவை அறிந்திருக்க வேண்டும் என்பதே காரணம். சீஷன் என்பவன் ஒருவருக்குப் பின் செல்பவன். எனவே, அவர் நடந்ததையும் பேசியதையும் காட்டும் நற்செய்தியிலிருந்தே தொடங்குவது முறை.

மாற்கு எழுதின சுவிசேஷத்தைப் பரிந்துரைக்கிறேன். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது அதுவே, 16 அதிகாரங்கள்தாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை அதிகாரம் என்று வாசித்தால் ஒரு மாதத்திற்குச் சற்றே கூடுதலாக ஆகும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-இல் தம் சபைக்கு வகுத்துத் தந்த அட்டவணையின்படி நாளுக்கு நான்கு அதிகாரங்கள் வாசிப்போர் இன்றும் உண்டு. அது மிக நல்ல திட்டம். ஆயினும் முதல் மாதத்திலேயே அதை எடுத்துக்கொண்டால், முடித்த அதிகாரங்களை எண்ணுவதிலேயே கவனம் சென்றுவிடும்.

புத்தாண்டு ஆராதனையில் பெறும், ஆண்டுக்கென ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அதை ஜெபத்தோடு பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் வேத வாசிப்பின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவன் தம் மக்கள்பேரில் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்னும் எரேமியா 29:11-ஐப் பல வீட்டுச் சுவர்களில் காணலாம். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் என்பது விளங்கும். அங்கேயே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்ற கட்டளைகள் அதில் இருக்கின்றன. எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதும் பதினொன்றாம் வசனத்திற்கு முந்திய வசனத்திலேயே இருக்கிறது. அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்பவருக்கு ஆறுதலோடு பொறுமையும், அயலாரின் நலனைத் தேடும் பொறுப்பும் கிடைக்கின்றன. வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு அந்தப் பொறுப்பு கண்ணில் படுவதே இல்லை.

நான்காம் படி: ஒரு பகுதியை வாசிக்கும் முறை

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது; ஆகையால் ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். மாற்கு 1:29 முதல் 39 வரையுள்ள பதினொரு வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், "ஆண்டவரே, நீர் காட்டுகிறதைக் காணவும் சொல்லுகிறதைச் செய்யவும் எனக்கு உதவிசெய்யும்" என்பது போன்ற சிறு ஜெபம் செய்யுங்கள். பின்பு வாய்விட்டு, அவசரமின்றி வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓடவிட்டால் நாம் ஏற்கெனவே அறிந்த கதையை நினைவிலிருந்து சொல்லிக்கொள்வோமே தவிர, எழுதியிருப்பதைக் காணமாட்டோம்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது, என்ன நடக்கிறது என்று பாருங்கள். யார் யார் இருக்கிறார்கள், எங்கே, எப்பொழுது, யார் என்ன பேசுகிறார்கள் என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். இயேசு அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அவள் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்கிறாள். சூரியன் அஸ்தமித்த பின்பே மக்கள் நோயாளிகளைக் கொண்டுவருகிறார்கள். ஏன் அந்த நேரத்தில்? இருபத்தொன்றாம் வசனத்திற்குத் திரும்பிப் பார்த்தால் அன்று ஓய்வுநாள் என்று தெரிகிறது. யூதருக்கு ஓய்வுநாள் சூரிய அஸ்தமனத்தோடு முடிகிறது. இப்படி, கேள்விக்கு விடை பல வேளைகளில் சில வசனங்களுக்கு முன்போ பின்போ கிடைத்துவிடும். விளக்கவுரையையோ கைப்பேசியையோ தேடும் முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள்.

அடுத்து, இந்தப் பகுதி இயேசுவைப் பற்றி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடிய அந்த இரவுக்குப் பின், அவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோனும் உடனிருந்தவர்களும் தேடிவந்து, எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். கப்பர்நகூமில் அவருக்குப் பெயரும் வரவேற்பும் இருக்கின்றன. ஆயினும் அவர் அடுத்த ஊர்களில் பிரசங்கிக்கப் புறப்படுகிறார், அதற்காகவே வந்ததாகவும் சொல்கிறார். மக்களின் அழைப்பு அல்ல, பிதாவின் முன் அவர் செலவிட்ட நேரமே அவருடைய அடுத்த அடியைத் தீர்மானித்தது என்று நான் இதை வாசிக்கிறேன். சீஷர்களும் அங்கே ஒன்றைக் கற்கிறார்கள்: அவர்கள் இயேசுவைத் தங்கள் ஊருக்குத் திரும்ப அழைத்துவரப் போனார்கள், முடிவில் அவர் பின்னே அவர்கள்தாம் அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

ஐந்தாம் படி: அன்றைய கீழ்ப்படிதல்

நோட்டின் கடைசி வரியில், இன்று செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "இன்னும் அதிகமாக அன்பு காட்டுவேன்" என்று எழுதினால், மாலையில் அதைச் செய்தோமா என்று யாராலும் சொல்ல முடியாது. யாருக்கு, என்ன, எப்பொழுது என்பது அந்த வரியில் இருக்க வேண்டும். மேற்கண்ட பகுதியிலிருந்து, காய்ச்சலாகக் கிடக்கும் அடுத்த வீட்டு அக்காவுக்கு இன்று மதியம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, அருகிருந்து ஜெபிப்பது என்று ஒருவர் எழுதலாம். இரு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கும் வாலிபர், பதில் சொல்லும் முன் இன்றிரவு அதைப் பற்றித் தனியே ஜெபிப்பது என்று எழுதலாம். பகுதி ஒன்றே, கீழ்ப்படிதல் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன் கண்ணாடியிலே தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தன் சாயலை மறந்துபோகிறவனுக்கு ஒப்பானவன் என்கிறார். அந்த மறதிக்கு எதிராகவே இந்த ஒரு வரி. மறுநாள் வாசிக்க அமரும்போது, புதிய பகுதியைத் திறக்கும் முன் முந்திய நாளின் வரியைப் பாருங்கள். செய்யவில்லையென்றால் அதை அறிக்கையிட்டு, இயன்றால் அன்றைக்குச் செய்யுங்கள். எல்லாப் பகுதியும் ஒரு செயலைக் கேட்கும் என்பதில்லை. சில நாட்களில் துதிப்பதும் நன்றி சொல்வதும் மட்டுமே ஏற்ற பதிலாக இருக்கும். ஒவ்வொரு வசனத்திலிருந்தும் வலிந்து ஒரு கட்டளையைப் பிழிந்தெடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: தனியாக வாசித்தாலும் தனியாக நிற்காதீர்கள்

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று பிலிப்புவிடம் கேட்கிறார். 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தாரோ, பவுல் சொன்னவை சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்கிறார்கள். கேட்டறிவதும் சோதித்தறிவதும் இரண்டுமே நமக்குத் தேவை. வாரத்தில் ஒரு முறை, நம்பத்தக்க ஒரு விசுவாசியிடம் உங்கள் நோட்டைத் திறந்து, விளங்காத கேள்விகளையும் அந்த ஒரு வரிகளையும் பகிருங்கள். போதகரிடமும் வெட்கமின்றிக் கேளுங்கள். பிரசங்கத்தைப் பற்றி மட்டுமல்லாமல் தான் வாசித்ததைப் பற்றியும் கேட்கும் சபையாரைக் காண்பது எந்தப் போதகருக்கும் மகிழ்ச்சியே.

வாசிப்பு தவறிய நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டுப்போன பகுதிகளை எல்லாம் ஒரே நாளில் சேர்த்து வாசித்து ஈடுகட்ட வேண்டாம். நின்ற இடத்திலிருந்து தொடருங்கள்.

மாற்கு முடிந்த பின்

மாற்கு 15-ஆம் அதிகாரத்தில் சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரல், 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். ஆகையால் அந்த அதிகாரத்தை வாசிக்கும் நாளிலேயே அந்தச் சங்கீதத்தையும், மறுநாள் ஏசாயா 53-ஐயும் வாசியுங்கள். பழைய ஏற்பாட்டிற்குள் செல்ல அதுவே நல்ல வாசல். அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளின் 28 அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாக வாசிக்கலாம். அதற்கடுத்து ஆதியாகமத்தைத் தொடங்கி, யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் பத்துக் கட்டளைகள் வரை சென்று, நாள்தோறும் ஒரு சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாடு முழுவதையும் ஓராண்டில் வாசிக்க விரும்பினால் கணக்கு எளிது: அதில் 260 அதிகாரங்கள் உள்ளன, வாரத்தில் ஐந்து நாட்கள் நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரங்களில் முடியும். எஞ்சும் இரண்டு நாட்களில் ஒன்றை அந்த வாரத்து நோட்டைத் திரும்ப வாசிப்பதற்கும், மற்றொன்றைக் குடும்பமாக அமர்ந்து வாசிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.